தானாக என்றொரு சொல்

இலங்கையின் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2004ஆம் ஆண்டிலே முதன்முறையாகக் கணினி எழுத்தறிவு பற்றிய ஆய்வொன்றை நடத்தியது. அவ்வாண்டில் நாட்டு மக்களுள் 9.7 சதவீதத்தினரே கணினி எழுத்தறிவு உடையோர் என்று கண்டார்கள். 2006/07இல் அது 16.1 சதவீதமாகவும், 2009இல் 20.3 சதவீதமாகவும் உயர்ந்தது. பத்திரிகைகள் இவ்விலக்கங்களை அவ்வப்போது தலைப்பிட்டு வெளியிட்டன. அமைச்சர்கள் மேடைகளில் எடுத்துரைத்தார்கள். ஆனால் அவ்விலக்கங்களின் அடியிலே சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்த வரைவிலக்கணத்தை வாசித்தவர்கள் மிகச் சிலரே. 5 வயதுக்கும் 69 வயதுக்கும் இடைப்பட்ட ஒருவர் கணினியைத் தானாகப் பயன்படுத்தக் கூடியவராயின் அவர் கணினி எழுத்தறிவு பெற்றவர். 5 வயதுக் குழந்தையொன்று கணினியில் விளையாட்டொன்றை விளையாடக் கூடியதாயின் அக்குழந்தையும் அக்கணக்கில் சேரும். இந்த உதாரணம் எனது கற்பனையன்று; திணைக்களத்தின் அறிக்கைகளிலேயே அது விளக்கமாகத் தரப்பட்டுள்ளது.

குழந்தையின் விளையாட்டையும் கணக்கில் சேர்க்கும் அளவுக்கு வரைவிலக்கணம் தாராளமானது. அப்படியிருந்தும் அட்டவணையில் ஒரு நிரல் மட்டும் ஆண்டுதோறும் அடியில் கிடந்தது. நகரம், கிராமம், பெருந்தோட்டம் என மூன்றாக நாட்டைப் பிரிக்கும் அந்த அட்டவணையில் பெருந்தோட்டத்துக்குரிய இலக்கம் 2009ஆம் ஆண்டிலே தேசிய சராசரியின் பாதியைக்கூட எட்டவில்லை. போர் காரணமாக வடமாகாணம் அவ்வாய்விலே சேர்க்கப்படாதிருந்தது. ஆகவே எண்ணப்பட்டவர்களுள் கடைசியாக நின்றவர்கள் தோட்டத் தமிழர்களே எனலாம்.

இதை வைத்துக்கொண்டு தோட்டமக்கள் பின்தங்கியவர்கள் என்று எழுதுவது மிகவும் எளிது. பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் அவ்வாறான செய்திகள் பல எனது மேசையைக் கடந்து அச்சுக்குப் போயிருக்கின்றன. செய்தி பொய்யானதன்று. எனினும் அளவுகோலைப் பற்றி எவரும் கேட்பதில்லை. எதை அளந்தார்கள், யாரை அளந்தார்கள், அளக்கப்பட்டவர் எங்கே இருந்தார் என்ற மூன்று கேள்விகளும் கேட்கப்படாமலே போகின்றன.

முதலில் யார் என்பதைப் பார்ப்போம். தொகைமதிப்பின் கண்களுக்குப் பெருந்தோட்டம் என்பது 20 ஏக்கரோ அதற்கு மேலோ பரப்புடையதும், 10 பேரோ அதற்கு மேலோ வதியும் தொழிலாளர்களைக் கொண்டதுமான நிலமாகும். நுவரெலியாவின் தேயிலை மலைகளுக்கு இது பொருந்தும். ரம்புக்கனைப் பக்கத்து நிலைமை வேறு. கொழும்பிலிருந்து கண்டி நோக்கிச் செல்லும் புகையிரதப் பாதையில் சமநிலம் முடிந்து ஏற்றம் தொடங்கும் இடம் ரம்புக்கனை. இரட்டைத் தண்டவாளம் அங்கே முடிகிறது. அதற்கப்பால் கடுகண்ணாவை வரை ஒற்றைத் தண்டவாளமும் செங்குத்தான ஏற்றமும். ரயிலின் பின்னால் இன்னொரு எஞ்சினைப் பூட்டித் தள்ள வைத்த இடம் என்பதால் பழைய பயணிகள் யாவரும் அந்நிலையத்தை அறிவார்கள். நிலையத்திலிருந்து வெளியே வந்தால் தேயிலைக் கடலொன்றும் கண்ணில் படாது. தென்னை, வாழை, நெல்வயல், நடுவிலே இறப்பர். கேகாலை மாவட்டம் முழுவதுமே இவ்வாறானதுதான். எட்டியாந்தோட்டை, தெரனியகலை, புளத்கொஹுபிட்டிய என்று தெற்கே போகப் போகத் தோட்டங்கள் பெருகும். ரம்புக்கனை, மாவனல்லைப் பக்கம் அவை கிராமங்களுக்கு நடுவே தீவுகளாகவே கிடக்கும்.

இத்தீவுகளும் சுருங்கிக் கொண்டே வந்தன. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தத்தில் 50 ஏக்கருக்கு மேற்பட்ட தனியார் காணிகளும், 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசின் கைக்கு வந்தன. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் கிராமத்தவர்க்குப் பகிரப்பட்டன. 1977ஆம் ஆண்டு வன்செயலிலும், 1981 ஓகஸ்ட் மாதத்தில் இரத்தினபுரித் தோட்டங்களில் நிகழ்ந்தவற்றிலும், 1983இலும் சப்ரகமுவத் தமிழர்கள் அடிபட்டார்கள். கணிசமானோர் வவுனியாவுக்கும் அதற்கப்பாலும் சென்றார்கள். எஞ்சியோரின் நிலையைப் பாருங்கள். தோட்டம் 20 ஏக்கருக்குக் கீழே துண்டாகிவிட்டது. ஆனால் லயம் அங்கேயே இருக்கிறது. லயத்தில் நான்கு குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் தொகைமதிப்பின்படி தோட்டத்தவர் அல்லர், கிராமத்தவர். அவர்களுடைய எண்கள் கிராம நிரலுக்குள் கரைந்துவிடும். கிராம நிரலோ நாட்டின் முக்கால் பங்கு மக்களையும் கொண்டது. 2012ஆம் ஆண்டுத் தொகைமதிப்பில் கிராமத் துறை 77.4 சதவீதம், பெருந்தோட்டத் துறை 4.4 சதவீதம். அந்தப் பெருங்குளத்தில் நான்கு குடும்பங்களின் இலக்கம் எங்கே தெரியப் போகிறது?

தோட்டத்தவராக எண்ணப்படுகிறவர்களுக்கும் இன்னொரு மறைவு உண்டு. நான் பார்த்த கணினி எழுத்தறிவு அறிக்கைகளில் மாகாணம் அல்லது மாவட்டம் வாரியான அட்டவணை ஒன்றிருக்கும், துறை வாரியான அட்டவணை ஒன்றிருக்கும். கேகாலை மாவட்டத்தின் பெருந்தோட்டத் துறை என்று இரண்டையும் குறுக்காக வெட்டிய அட்டவணை இராது. மாதிரிக் கணக்கெடுப்பில் அவ்வளவு நுணுக்கமாக வெட்டினால் கையில் மிஞ்சும் வீடுகள் மிகக் குறைவாகும். இலக்கத்தை நம்ப முடியாது. புள்ளிவிபரவியல் அறிந்தவர்களின் இந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் விளைவு ஒன்றே. கேகாலை என்ற இலக்கத்தில் பேசுவது பெரும்பான்மைச் சிங்களக் கிராமம். தோட்டம் என்ற இலக்கத்தில் பேசுவது நுவரெலியாவும் பதுளையும். ரம்புக்கனைக்கு அப்பாலுள்ள இறப்பர்த் தோட்டத்துத் தமிழர் இரண்டிலும் இல்லை. (அருகிலுள்ள பின்னவலை யானைகள் சரணாலயத்திலே ஒவ்வொரு யானைக் குட்டியின் பிறப்பும் பதியப்படுகிறது என்பதை ஒரு வேடிக்கையாகவே இங்கு சொல்லி வைக்கிறேன்.)

எண்ணப்படுவது தோட்டமக்களுக்குப் புதிதன்று. இலங்கையிலே அவர்களைப்போல் நாள்தோறும் எண்ணப்பட்ட சமூகம் வேறில்லை என்றே சொல்லலாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு எழுத்தும் இலக்கமும் பொறித்த தகரச் சீட்டு வழங்கப்பட்டது. அந்தச் சீட்டைக் கண்டதும் எந்தத் தோட்டத்துக்கு ஆளை அனுப்ப வேண்டும் என்பது வழியிலுள்ள உத்தியோகத்தர்களுக்கு விளங்கும். ஆள் வாய் திறக்க வேண்டிய அவசியமில்லை. தோட்டத்திற்கு வந்தபின் பெரட்டுக்களத்தில் விடியற்காலையில் நிற்க வேண்டும். கணக்குப்பிள்ளை செக்ரோலில் பேர் போடுவார். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், பாதி நாளுக்கு அரைப் பேர். பேர் என்ற சொல்லே கூலியின் அளவாகிப் போன மொழி மலையகத்து மொழி. பால்வெட்டுக்குப் போகிறவர் கொண்டுவரும் இறப்பர்ப் பாலும் அளந்தே எழுதப்படும். இவ்வளவு எண்ணிக்கைகளும் துரைத்தனத்தின் தேவைக்கானவை. தொழிலாளி எதைக் கேட்கிறான், எதை வாசிக்கிறான், யாரோடு தொடர்பு வைத்திருக்கிறான் என்பதை எண்ணிய ஏடு எதுவும் தோட்டக் காரியாலயத்தில் இருந்ததில்லை.

அத்தொடர்பு எவ்வாறு நடந்தது என்பதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். தபால் காரியாலயத்திலிருந்து தோட்டத்துக்குரிய கடிதங்களை ஒருவர் போய்ப் பையில் எடுத்து வருவார். அவை லயத்துக்குப் போவதில்லை. தோட்டக் காரியாலயத்துக்கே போகும். லயத்துக் காம்பராவுக்கு இலக்கமோ வீதிப் பெயரோ இல்லாததால், நெடுங்காலமாக முகவரி என்பது தோட்டத்தின் பெயர் மட்டுமே. ஊரிலிருந்து வந்த கடிதத்தைக் காரியாலயத்தில் வாங்கி, வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, அவர் உரக்க வாசிக்க, வீட்டார் யாவரும் சூழ்ந்திருந்து கேட்பார்கள். பதில் கடிதமும் அவ்வாறே. சொல்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர். கடிதம் தனி மனிதரின் விவகாரமாக இருந்ததேயில்லை.

பத்திரிகையும் அப்படியே. கோ. நடேசய்யர் 1924இல் தேசபக்தனைத் தொடங்கியபோது அவர் சென்றடைய விரும்பிய மக்களுள் பெரும்பாலோர்க்கு எழுத்து வாசனை கிடையாது. அவருடைய மனைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளர் நிலையைப் பாட்டாக எழுதினார், அச்சிட்டார், தோட்டங்களுக்குச் சென்று பாடவும் செய்தார். கூட்டத்திற்கு ஆளைச் சேர்த்தது அந்தப் பாட்டு. அச்சிட்ட பிரதிகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து அக்காலத்துத் தோட்டமக்களின் அரசியல் ஈடுபாட்டை அளந்தால் என்ன விடை வரும்? சுழியத்துக்குச் சற்று மேலே ஓர் இலக்கம் வரும். ஆனால் அம்மக்களே அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் தொழிற்சங்கமாகத் திரண்டார்கள். தானாக வாசித்தவர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு வந்திருக்கக்கூடிய சரியான விடை, செய்தி எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்ற கேள்விக்கு முற்றிலும் தவறான விடையாக இருந்திருக்கும்.

இணையம் இலங்கைக்கு வந்தபோது இதே நாடகம் மறுபடியும் அரங்கேறியது. 1995இல் வர்த்தக அடிப்படையிலான இணைய சேவை கொழும்பிலே தொடங்கிற்று. அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்க அரசின் தொலைத்தொடர்பு முகவரகமொன்று, எந்த வீட்டில் தொலைபேசியும் கணினியும் மோடமும் உள்ளன என்பதைக் கணக்கெடுத்து, வலையின் கண்களூடாக விழுந்துபோகிறவர்களைப் பற்றிய அறிக்கையொன்றை வெளியிட்டது. இணைய ஈடுபாட்டை அளப்பது என்றால் வீட்டில் உள்ள சாமான்களை எண்ணுவது என்ற வழக்கம் உலகெங்கும் பரவியதில் அவ்வறிக்கைக்கும் பங்குண்டு. தொலைபேசிக் கம்பியே ஏறாத லயங்களுக்கு அந்த அளவுகோலைக் கொண்டுவந்தால் விடையை வீட்டிலிருந்தே எழுதிவிடலாம்.

மூன்று ஆண்டுகள் கழித்து மத்திய மலைநாட்டிலே கொத்மலையில் நடந்தது வேறொரு சங்கதி. மகாவலித் திட்டத்தால் இடம்பெயர்ந்த மக்களுக்கென 1989இல் தொடங்கப்பட்ட கொத்மலை சமூக வானொலியில், யுனெஸ்கோவின் உதவியுடன் 1998இல் இணையம் சேர்க்கப்பட்டது. கேட்போர் கடிதம் எழுதிக் கேட்பார்கள், தொலைபேசியில் கேட்பார்கள். அறிவிப்பாளர்கள் நிகழ்ச்சியின்போதே இணையத்தில் தேடி, கிடைத்த ஆங்கிலத் தகவலைத் தங்கள் மொழியில் விளக்குவார்கள். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் கணினிகள் வைக்கப்பட்டன. நிலையத்தின் மொழி பெரும்பாலும் சிங்களமாகவே இருந்ததால் சுற்றியிருந்த தோட்டத் தமிழருக்கு அதன் பயன் முழுமையாகக் கிடைக்கவில்லை. அந்தக் குறையை மறைக்கத் தேவையில்லை. என்றாலும் அளவுகோல் பற்றிய எமது கேள்விக்குக் கொத்மலை ஒரு பெரிய சாட்சி. வயலில் நின்றுகொண்டு டிரான்சிஸ்டரில் விடை கேட்ட விவசாயி இணையத்தைப் பயன்படுத்தியவரா இல்லையா? எந்தக் கணக்கெடுப்பும் அவரைச் சேர்த்துக்கொள்ளாது. கேள்வி அவருடையது, விடை அவருக்குரியது, அதைக் கொண்டு உரம் போடப் போகிறவரும் அவரே. ஆனால் விசைப்பலகையைத் தொட்டவர் வேறொருவர்.

இதை உணர்ந்த ஆய்வாளர் சிலரும் இருந்தார்கள். டொன் ஸ்லேட்டர், ஜோ டாக்கி, பீட்டர் லூயிஸ் ஆகிய மூவர் 2002இல் கொத்மலைக்கு வந்து தங்கி ஆராய்ந்தார்கள். எத்தனை பேர் கணினி முன் அமர்ந்தார்கள் என்று எண்ணுவதோடு நில்லாமல், இந்தப் பள்ளத்தாக்கில் யார் யாரோடு எவ்வாறு தொடர்பு கொள்கிறார்கள், பேருந்து, கடை, கோயில், தொலைபேசி, வானொலி ஆகிய எல்லாவற்றினிடையே இணையம் எங்கே பொருந்துகிறது என்று கேட்டார்கள். அங்கு உருவான ஆய்வுமுறையை யுனெஸ்கோ மறு ஆண்டு கைநூலாகவே வெளியிட்டது. பின்னர் வேறு நாடுகளிலும் அது கையாளப்பட்டது. இலங்கையின் மலைப்பிரதேசத்திலே பிறந்த அளவுகோல் ஒன்று உலகம் சுற்றியிருக்கிறது. இலங்கையின் அரச புள்ளிவிபரத்துக்குள் மட்டும் அது நுழையவில்லை.

அரசு தன் பங்குக்கு மையங்களைக் கட்டியது. உலக வங்கியின் உதவியோடு நடந்த இ-ஸ்ரீலங்கா திட்டத்தின் கீழ் நெனசல என்ற பெயரில் நூற்றுக்கணக்கான நிலையங்கள் எழுந்தன. 2014இல் அத்திட்டத்துக்கு பில் அன்ட் மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளையின் பரிசும் கிடைத்தது. அவற்றுள் கணிசமானவை பௌத்த விகாரைகளில் அமைந்தவை. கிராமத்துச் சிங்களப் பிள்ளைக்கு விகாரை நல்ல இடம். தோட்டத்துப் பிள்ளை அந்தப் படியேறக் கூசும். அதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை.

கைத்தொலைபேசி வந்ததும் கணக்கு அடியோடு மாறிற்று. கொழும்பிலிருந்து இயங்கும் லேர்ன்ஏசியா என்ற ஆய்வு நிறுவனம், 2005 முதல் வருமானத்தின் அடித்தட்டிலுள்ளோர் தொலைபேசியை எவ்வாறு பயன்படுத்துகிறார்கள் என்று இலங்கையிலும் அயல்நாடுகளிலும் அடுத்தடுத்து ஆராய்ந்தது. தொலைபேசி சொந்தமாக இல்லாதவரும் அதைப் பயன்படுத்துகிறார் என்பதே அவர்களின் முதற் பாடம். அயலாருடையது, உறவினருடையது, கடைக்காரருடையது என்று எதையாவது பயன்படுத்துவார். மிஸ்ட் கோல் கொடுப்பதும் ஒரு பேச்சாகவே ஆகியிருந்தது. ஒரு மணி அடித்தால் வந்து சேர்ந்தேன், இரண்டு அடித்தால் திரும்பக் கூப்பிடு. காசு செலவாகாத அந்த உரையாடலைத் தொலைபேசிக் கம்பனியின் வருமானக் கணக்கில் தேடினால் கிடைக்குமா?

அதைவிட வியப்பான செய்தியும் அந்நிறுவனத்தின் ஆய்வுகளிலேயே வெளிப்பட்டது. இந்தோனேசியாவில் கணக்கெடுப்பின்போது இணையம் பயன்படுத்துவதில்லை என்று சொன்னவர்கள், குழுவாக அமர்ந்து பேசும்போது பேஸ்புக்கில் தாம் கண்டவற்றை ஆர்வத்தோடு சொன்னார்கள்.  நிறுவனத்தின் தலைவராயிருந்த ரொஹான் சமரஜீவ சுட்டிக்காட்டிய இம்முரண் 2015இல் உலகப் பத்திரிகைகளில் பெரிதாகப் பேசப்பட்டது.

இந்தோனேசியா வரை போக வேண்டியதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ரம்புக்கனைக்கு அப்பாலுள்ள இறப்பர்த் தோட்டமொன்றுக்குச் சென்றிருந்தேன். மழை நாள்; பால்வெட்டு இல்லை. லயத்து வாசலில் இருந்த வயதான அம்மா ஒருவரிடம் இணையம் பார்ப்பதுண்டா என்று கேட்டேன். “இன்டர்நெட்டா? அதெல்லாம் நமக்கு எங்க ஐயா தெரியும், புள்ளைங்கதான் பாக்கும்” என்றார். சற்று நேரத்தில் பேச்சு வேறெங்கோ போய், குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் மகளைப்பற்றி வந்தது. எப்படிப் பேசுவீர்கள் என்றேன். “இமோவுலதான். பொழுதுபட்டா பேத்தி எடுத்துக் கையில குடுப்பா. மூஞ்ச பாத்துத்தான் பேசுவோம்.” மகள் அனுப்பும் காசு எந்த நாளில் வரும் என்பதும், பேத்தியின் பள்ளிக்கூட ஆசிரியர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அறிவித்தல் என்ன என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தன. நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது அவர் இணையத்தில் இருக்கிறார். திணைக்களத்தின் உத்தியோகத்தர் வந்து கேட்டிருந்தால் இல்லை என்றே பதிலளித்திருப்பார். உத்தியோகத்தரும் இல்லை என்றே எழுதியிருப்பார். இருவருமே உண்மையைத்தான் சொன்னவர்களாவார்கள். ஏனெனில் அவர் எதையும் தானாகச் செய்வதில்லை. பேத்திதான் எடுத்துக் கொடுக்கிறாள்.

அந்தத் தானாக என்ற சொல்லிலேதான் தோட்டம் தோற்கிறது. தனி மனிதர், தனிக் கருவி, தனிக் கணக்கு என்ற நகரத்து வாழ்க்கையை மனதில் வைத்துத் தைத்த சட்டை அது. ஒரு காம்பராவில் ஆறேழு பேர் வாழும் லயத்திலே கதவுக்கே தனிமை இல்லை, தொலைபேசிக்கு ஏது?

2010களின் பிற்பகுதியில் திணைக்களம் அளவுகோலைத் திருத்தியது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கணினி எழுத்தறிவோடு டிஜிட்டல் எழுத்தறிவு என்ற புதிய இலக்கமும் வந்தது. கணினி, மடிக்கணினி, டெப்லெட், திறன்பேசி ஆகியவற்றுள் எதையேனும் தானாகப் பயன்படுத்தக் கூடியவர் டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றவர். 2021ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதங்களில் கணினி எழுத்தறிவு 34.3 சதவீதம், டிஜிட்டல் எழுத்தறிவு 57.2 சதவீதம். கணினி உள்ள வீடுகள் அப்போதும் ஏறத்தாழ ஐந்துக்கு ஒன்றுதான். ஒரே நாடு, ஒரே மக்கள், ஒரே அரையாண்டு. வரைவிலக்கணத்தில் ஒரு சொல் சேர்ந்ததும் நாட்டின் அறிவு 23 புள்ளிகள் உயர்ந்துவிட்டது. கருவிகளின் பட்டியல் நீண்டது, தானாக என்ற சொல் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. பெருந்தோட்ட நிரலும் அடியிலேயே நின்றது.

வேறு அளவுகோல்களும் உண்டு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்துக்குக் கடந்த மூன்று மாதங்களில் ஒரு தடவை இணையத்தைத் தொட்டவர் பயனாளி. பேஸ்புக்குக்கு மாதத்தில் ஒரு தடவை உள்நுழைந்தாலே போதும். இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தல் ஆணைக்குழு சிம் அட்டைகளை எண்ணுகிறது. அந்த எண்ணிக்கை நாட்டின் மக்கள் தொகையை எப்போதோ தாண்டிவிட்டது. லேர்ன்ஏசியா 2018இல் வீடு வீடாகச் சென்று கேட்டபோது 15 முதல் 65 வயதுக்குட்பட்டோரில் 37 சதவீதத்தினரே இணையம் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். நூற்றுக்கு மேல் சிம், நூற்றுக்கு 37 பேர். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வழக்கம் கொழும்பிலே இருந்திருந்தால் பிற்பாடு நடந்த சில விடயங்கள் வேறுவிதமாக நடந்திருக்கலாம்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. வகுப்புகள் வாட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் மாற்றப்பட்டன. தீர்மானம் எடுத்தவர்களின் கண்முன் இருந்தது சிம் அட்டைக் கணக்குப்போலும். ஒரு திறன்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்து, அதுவும் தகப்பன் வேலையால் வந்த பிறகே கைக்குக் கிடைத்து, சமிக்ஞை தேடி மேட்டுக்கு ஏறி, அடுத்த நாளைக்குரிய டேட்டாவுக்குக் காசில்லாமல் நின்ற காட்சி தோட்டங்கள் எங்கும் காணப்பட்டது. ஊவாவிலே பிள்ளைகள் மலையேறியும் மரமேறியும் பாடம் படித்த படங்கள் வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் ஊடாக உலகம் முழுவதும் போயின. சப்ரகமுவவுக்குப் படப்பிடிப்பாளர் எவரும் வந்ததாக எனக்கு நினைவில்லை. இறப்பர்க் காட்டிலே நின்று மேலே பார்க்கும் பிள்ளை நல்ல படமாக வராது போலும்.

2022ஆம் ஆண்டு ரம்புக்கனையின் பெயரை வேறொரு காரணத்துக்காக உலகம் அறிந்தது. ஏப்ரல் 19ஆந் திகதி எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்துப் புகையிரதக் கடவையை மறித்து நின்ற மக்கள்மீது பொலிசார் சுட்டார்கள். ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றார்கள். அங்கு நின்றவர்களின் கைத்தொலைபேசிகளில் பதிவான காட்சிகள் மாலைக்குள் நாடு முழுவதும் பரவிவிட்டன. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன், ஏப்ரல் 3ஆந் திகதி, பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளுக்கிணங்கப் பேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப் முதலானவை ஏறத்தாழ 15 மணி நேரம் முடக்கப்பட்டிருந்தன. 2018இல் கண்டி வன்செயலின்போதும், 2019இல் உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின்னரும் செய்யப்பட்டதே இது. அமைச்சராயிருந்த நாமல் ராஜபக்சவே தாம் விபிஎன் மூலம் உள்ளே வந்திருப்பதாகவும், இத்தகைய தடைகள் பயனற்றவை எனவும் அன்று பகிரங்கமாக எழுதினார். விபிஎன் தெரிந்தவர்க்குத் தடையில்லை. பேத்தி எடுத்துக் கொடுக்கக் காத்திருக்கும் அம்மாவுக்குத்தான் அன்று பொழுதுபட்டும் மகளின் முகம் தெரியாமற் போயிருக்கும். முடக்கப்பட்ட நேரத்தை அளந்தார்கள், நட்டத்தை டொலரில் மதிப்பிட்டார்கள்; இந்த இழப்புக்கு அட்டவணை இல்லை.

அதே ஆண்டு ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை வந்தது. அடையாள அட்டை இலக்கத்தையும் வாகன இலக்கத்தையும் இணையத்தில் பதிந்து, கிடைத்த கட்டத்தைக் காட்டினால்தான் பெற்றோல். திட்டம் வரிசைகளைக் குறைத்தது என்பதை மறுப்பதற்கில்லை. தோட்டத்து முச்சக்கரவண்டிக்காரர்கள் பலர் ரம்புக்கனை, கேகாலை நகரங்களின் தொடர்பாடல் நிலையங்களில் யாராவது பதிந்து கொடுக்க, அந்தக் கட்டத்தைக் காகிதத்தில் அச்சிட்டு, நனையாமல் பிளாஸ்டிக் உறையிட்டு வண்டியில் வைத்திருந்தார்கள். புகையிரதக் கடவையைக் கடக்கும்போது அப்படியொரு அட்டை கழுத்துப் பட்டியில் தொங்கக் கண்டேன். நூறாண்டுக்கு முந்தைய தகரச் சீட்டின் நினைவு எனக்கு வந்தது. அந்த இளைஞருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் டிஜிட்டல் முறையில் பெற்றோல் பெற்றவராக ஒரு கணக்கிலும், திறன்பேசி இல்லாதவராக இன்னொரு கணக்கிலும் ஒரே வாரத்தில் பதிவாகியிருப்பார்.

2024ஆம் ஆண்டுத் தொகைமதிப்புக்கு உத்தியோகத்தர்கள் காகிதப் படிவத்தை விட்டு டெப்லெட் கருவிகளோடு வீடுகளுக்கு வந்தார்கள். இந்தியத் தமிழர் என்ற பழைய பெயரோடு மலையகத் தமிழர் என்ற பெயரும் சேர்க்கப்பட்டது; அதற்காக நீண்ட காலம் வாதாடியவர்கள் பலர். ஆனால் 20 ஏக்கர், 10 தொழிலாளர் என்ற வேலிக்கு வெளியே விழுந்த லயங்களைத் தேடியெடுத்து எண்ணும் நிரலையோ, ஒருவர் வேறொருவரின் கையால் செய்துகொள்ளும் காரியத்தைக் கேட்கும் வினாவையோ கணினி எழுத்தறிவு ஆய்வுகளில் நான் இதுவரை காணவில்லை. உமக்காக யார் பார்த்துச் சொல்கிறார், நீர் யாருக்காகப் பார்த்துச் சொல்கிறீர் என்ற இரண்டே வினாக்கள் போதும். கேட்க அரை நிமிடம் செல்லும்.